சவுண்ட் செட்டுக்கு வீட்டு உறுதியை வைக்கலாமா?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் வாழைச்சேனையைச் சேர்ந்தவன். அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். சம்பளம் கட்டுப்படியாகாததால் சனி, ஞாயிறுகளில் டீஜே செய்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள், இடைக்கிடை பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் பார்ட்டி என்று ஓடர் வருகிறது. மச்சானின் பட்டா லொறியில் சாமான் ஏற்றிப் போவோம். உதவிக்கு இரண்டு பொடியன்மார். போன மாதம் ஒரு கலியாணவீட்டில் இரவு பத்தரைக்குப் பொலிஸார் வந்து மிக்சரையும் இரண்டு அம்ப்ளிஃபயரையும் கொண்டுபோய்விட்டார்கள். அனுமதி எடுத்திருக்கிறோம் என்று வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். இதற்கிடையில் பெரிய செட் ஒன்று வாங்கக் கடன் கேட்டால், வங்கி என் மனைவியின் சீதன வீட்டு உறுதியைக் கேட்கிறது. மனைவி மறுக்கிறார். வியாபாரத்தை மனைவியின் பெயரில் பதிந்துவிட்டால் அலுவலகத்தில் பிரச்சினை வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வாழைச்சேனை

பதில்: உங்களுக்குப் பெரிய தலையிடி பொலிஸில் கிடக்கும் மிக்சர் என்று நினைக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. இருந்தாலும் சாமான் இல்லாமல் அடுத்த கிழமை ஓடருக்கு எப்படிப் போவது என்ற யோசனையில் இருப்பீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒலிபெருக்கி பாவிக்க அனுமதி வேண்டும் என்பது புதிய சட்டம் இல்லை. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 80 ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. நீண்ட காலமாக இந்தப் பிரிவு ஏட்டில் மட்டும் இருந்தது. அதை நாடு முழுவதும் உயிர்ப்பித்தது 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய அஷீக் எதிர் பந்துல வழக்கின் தீர்ப்பு. வெலிகமயில் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதியைப் பற்றிய தகராறாகத் தொடங்கிய அடிப்படை உரிமை வழக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா அதை ஒரு பள்ளிவாசலின் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. கோயில், பள்ளி, விகாரை, தேவாலயம், இசை நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழிகாட்டல்களாகத் தீர்ப்பை எழுதினார். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. விசேட சமய வைபவங்களுக்கும் விசேட நிகழ்வுகளுக்கும் மட்டும், அயலவரின் கருத்தைக் கேட்டறிந்த பிறகு கொடுக்கலாம். பகலிலும் குறிப்பிட்ட தேவைக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு, நிபந்தனைகளோடுதான் அனுமதி. சத்தம் அந்த வளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம்.

ஆகவே பத்தரைக்குப் பொலிஸார் வந்ததில் சட்டப் பிழை எதையும் நான் காணவில்லை. வீட்டுக்காரர் அனுமதி எடுத்தது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கடதாசியில் எத்தனை மணிவரை என்று எழுதியிருந்தது என்பதுதான் கேள்வி. அதை நீங்கள் வாங்கிப் பார்த்தீர்களா? பெரும்பாலான டீஜேமார் பார்ப்பதில்லை. “எல்லாம் எடுத்தாச்சு தம்பி” என்ற வாய்ச்சொல்லை நம்பி வயரை இழுத்துவிடுகிறார்கள். அனுமதி யார் பெயரில் இருந்தாலும் ஒலிபெருக்கியை இயக்கிக்கொண்டு நின்றவர் நீங்கள். சாமானும் உங்களுடையது. மாப்பிள்ளையின் தகப்பனாரை அந்த இரவில் யாரும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

சாமானை மீட்கும் வழி இதுதான். பொலிஸார் கைப்பற்றிய பொருளை நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். அதை யாரிடம் கொடுப்பது என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின்படி நீதவான் கட்டளையிடலாம். வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் அணைத்து, வழக்கு முடியும்வரை பிணை முறியில் பொருளை விடுவிக்கக் கேளுங்கள். அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் விஷயம் உரித்து. கொழும்பில் வாங்கிய சாமானுக்குப் பில் இருக்கிறதா? பில்லில் உங்கள் பெயர் இருக்கிறதா? பின்பக்கத் தகட்டில் உள்ள தொடரிலக்கம் பில்லோடு பொருந்துகிறதா? பழைய சாமானைக் கைமாறி வாங்கியிருந்தால் விற்றவரிடமிருந்து ஒரு சத்தியக் கடதாசியாவது எடுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு பெட்டியின் தொடரிலக்கத்தையும் தொலைபேசியில் படம்பிடித்து வையுங்கள்.

அடுத்த ஓடரிலிருந்து எழுத்தில் ஒரு பக்க உடன்படிக்கை இல்லாமல் லொறியை எடுக்க வேண்டாம். முற்பணம் எவ்வளவு, நிகழ்ச்சி நின்றால் அதில் எவ்வளவு திரும்பும், அனுமதி எடுப்பது யார், அதன் பிரதி எத்தனை நாளுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அனுமதியில் உள்ள நேரம் முடிந்ததும் நிறுத்துவேன், அதற்காகக் கூலி குறையாது என்ற வரி கட்டாயம் வேண்டும். பத்து மணிக்கு நிறுத்தப் போனால் மாமன், மச்சான்மார் வந்து “இன்னும் ஒரு பாட்டு” என்று தோளில் கைபோடுவார்கள். அப்போது காட்டுவதற்கு ஒரு கடதாசி கையில் இருக்கும். நமது பக்கம் மாரி தொடங்கிவிட்டால் பந்தலுக்குள் தண்ணீர் வரும், மின்சாரம் போகும். மழைக்கும் மின்வெட்டுக்கும் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மின்கம்பத்திலிருந்து கொழுவி எடுக்கும் வேலைக்கு, வீட்டுக்காரரே சொன்னாலும், உங்கள் பொடியன்மாரை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். ஒரு வளவில் வைக்கும் சப்வூஃபர் இரண்டு சமூகத்துக்கும் கேட்கும். அயலவரின் கருத்து என்று தீர்ப்பு சொல்வதை இங்கே சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த ஒலிப் பகுதியாக வகுத்து, பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. அந்த ஒழுங்குவிதிகளில் இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. இரண்டு பேர் சாதாரணமாகக் கதைப்பதே ஏறக்குறைய 60 டெசிபல். வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதிப் பகுதி. திரும்பத் திரும்ப முறைப்பாடு வந்தால், பொதுத் தொல்லை என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளை பிறப்பிக்கவும் இடமுண்டு. நிகழ்ச்சிக்கு முதல்நாள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று நேரத்தைச் சொல்லிவிட்டு வருவது வீட்டுக்காரரின் வேலைதான். அதை அவர் செய்தாரா என்று கேட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம், பாட்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாடலைப் பகிரங்கமாக இசைக்கும் உரிமை படைத்தவருக்குரியது. பகிரங்கம் என்றால் என்ன? குடும்பத்தினதும் அதன் மிக நெருங்கியவர்களினதும் வழமையான வட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் கூடக்கூடிய இடம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு முற்றத்தில் போடுவது இந்த வட்டத்துக்குள் வரும். ஊரே கூடும் மண்டபம் வராது என்று வாதிடலாம். ஹோட்டல் பார்ட்டியும் ரிக்கெட் நிகழ்ச்சியும் நிச்சயம் வராது. இந்தியச் சட்டத்தில் கலியாணத்துக்கும் அதனோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் வெளிப்படையான விலக்கு உண்டு. அதை 2023 யூலையில் இந்திய அரசு ஓர் அறிவித்தல் மூலம் மீண்டும் நினைவூட்டியது. நமது சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. பாட்டு சென்னையில் பிறந்ததுதானே என்ற சமாதானமும் உதவாது. இரு நாடுகளும் பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால் இந்தியப் பாடலுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஹோட்டல் ஓடர்களில் இசை உரிமத்துக்கு ஹோட்டலே பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ரிக்கெட் விற்கும் நிகழ்ச்சியானால் பிரதேச சபையின் கேளிக்கை வரியும் ஏற்பாட்டாளர் தலையில் இருக்கட்டும். உங்கள் பென்டிரைவில் இருப்பது எங்கிருந்து இறக்கியது என்பதற்கு மட்டும் நீங்களே பொறுப்பு. ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகளுக்கு மாதக் காசு கட்டினாலும் அது தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தான். பதிப்புரிமை மீறலுக்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கலியாணவீட்டு டீஜே ஒருவரை இதற்காகக் கூண்டில் ஏற்றுவதை நமது பக்கம் நான் பார்த்ததில்லை. ஹோட்டல் பக்கம் போகப் போகத்தான் இந்த ஆபத்து கூடும்.

இனி உங்கள் உத்தியோகம். அரச உத்தியோகத்தருக்குத் தாபனக் கோவை பொருந்தும். அனுமதியில்லாமல் வெளியே கூலிக்கு வேலை செய்யவோ வியாபாரம் நடத்தவோ முடியாது. மனைவியின் பெயரில் பதியும் யோசனையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மனைவி உண்மையாகவே அந்தத் தொழிலை நடத்தினால், கணக்குப் பார்த்தால், ஓடர் எடுத்தால் அது அவருடைய தொழில். பதிவில் மட்டும் அவர் பெயர் இருந்து, மேடையில் ஹெட்போனோடு நிற்பது நீங்கள் என்றால், விசாரணை வரும் நாளில் அந்தப் பதிவுச் சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது. மறைக்கப் பார்த்தீர்கள் என்பதற்குச் சாட்சியாகக்கூட வாசிக்கப்படும். தொழில் சறுக்கினால் கடன்காரர் தேடுவதும் வரித் திணைக்களம் கேட்பதும் மனைவியைத்தான்.

நான் கண்டவரையில் உத்தியோகத்தர்கள் மாட்டுவது டீஜே செய்ததால் அல்ல, லீவால். வெள்ளி இரவு ஹயருக்குப் போய், அன்று பகல் சுகவீன லீவு போட்டிருப்பார்கள். மேடையில் நின்று கையை உயர்த்தும் வீடியோ சனிக்கிழமையே பேஸ்புக்கில் ஏறிவிடும். திகதியோடு அந்தப் படத்தை அச்சடித்து மேலதிகாரிக்கு அனுப்ப ஒரு ஆள் எப்போதும் இருப்பார். அனுமதியில்லாத தொழில் ஒரு குற்றச்சாட்டு, பொய் லீவு இன்னொன்று. இரண்டாவதற்கு விளக்கம் சொல்வது கடினம். கடமை நேரத்துக்கு வெளியே, வார இறுதியில், அலுவலக வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய அனுமதி கேட்டு உங்கள் திணைக்களத் தலைவர் ஊடாக எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு உங்கள் சொந்தப் பெயரிலேயே பதியலாம். முழுப்பெயர் தவிர வேறு எந்தப் பெயரில் நடத்தினாலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு தேவை. அதற்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். வாழைச்சேனைக்குள்ளேயே கோறளைப்பற்று, கோறளைப்பற்று மத்தி என்று செயலகப் பிரிவுகள் பிரிந்திருப்பதால், எந்தக் கந்தோருக்குப் போவது என்பதை உங்கள் விலாசத்தை வைத்து முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச சபைக்கு வருடாந்த வியாபார வரி உண்டு. வருமான வரியில் சம்பளத்தையும் டீஜே இலாபத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதைத் தாண்டினால் நவம்பர் 30 க்குள் விபரத்திரட்டு அனுப்ப வேண்டும். டீசல், பல்ப், பொடியன்மாரின் கூலி எல்லாம் செலவாகக் கழியும். பற்றுச்சீட்டு இருந்தால்தான் கழியும்.

அந்தப் பொடியன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கவே முடியாது. இரவு வேலைக்கும் பாரம் தூக்குவதற்கும் 18 தாண்டியவரை மட்டும் எடுங்கள். ஸ்பீக்கர் காலில் விழுந்தாலும், மின்சாரம் தாக்கினாலும் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உங்களைத் தேடி வரும். மச்சானின் லொறியின் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தனிப்பட்ட பாவனை என்று இருந்தால், கூலிக்குச் சாமான் ஏற்றும்போது நடந்த விபத்துக்குக் கம்பனி கைவிரிக்கலாம்.

கடைசியாக வீடு. மட்டக்களப்பு மண்ணில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது பழைய வழக்கம். பெற்றோர் தங்கள் உழைப்பெல்லாம் போட்டு மகளுக்கு ஒரு வீட்டை எழுதிக் கொடுத்திருப்பார்கள். வடமாகாணத் தமிழருக்குள்ள தேசவழமை இங்கே பொருந்தாது. பொதுச் சட்டமும் 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டமும்தான் பொருந்தும். அதன்படி அந்த வீடு முழுக்க முழுக்க உங்கள் மனைவியின் ஆதனம். அவருடைய கையொப்பம் இல்லாமல் நீங்கள் அதை ஈடு வைக்க முடியாது. மறுக்க அவர் உங்களுக்குக் காரணமும் சொல்லத் தேவையில்லை. அவர் கையொப்பமிட்டால் தவணை தவறும் நாளில் வங்கி தேடுவது அந்த உறுதியை. அப்போது போவது உங்கள் சவுண்ட் செட் அல்ல, பிள்ளைகள் படுக்கும் அறை. நுண்கடனுக்குக் கையொப்பமிட்டுவிட்டு வாரா வாரம் வாசலில் வந்து நின்ற வசூல்காரருக்குப் பதில் சொன்ன பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். உங்கள் மனைவியும் அவர்களில் சிலரை அறிந்திருப்பார். அவர் மறுப்பதில் சட்டத்துக்கும் நியாயத்துக்கும் பிழையாக எதுவும் இல்லை.

பெரிய செட் தேவையென்றால், வாங்கும் சாமானையே பிணையாக ஏற்கும் நிதிக் குத்தகை கிடைக்குமா என்று விசாரியுங்கள். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் அப்படிச் செய்யலாம். தவணை தவறினால் அந்தச் சாமான் போகும், மிச்சக் கணக்கைத் தீர்க்க வேண்டி வரும். ஆனால் வீட்டு உறுதி பெட்டிக்குள் இருக்கும். அதுவும் சரிவராவிட்டால் பெரிய ஓடருக்கு மட்டும் சப்பையும் லைட்டையும் வாடகைக்கு எடுத்துச் செய்யுங்கள். மாதத்தில் நான்கைந்து சனிக்கிழமை ஓடும் தொழிலுக்கு அதுவே போதும்.

இந்தக் கிழமையே சட்டத்தரணி ஒருவரைக் கண்டு சாமானுக்கான நகர்த்தல் பத்திரத்தைப் போடுங்கள். அதே நாளில் திணைக்களத் தலைவருக்கான கடிதத்தையும் கொடுங்கள். அந்த அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை புது ஓடருக்கு முற்பணம் வாங்க வேண்டாம்.