கடற்கரையைக் காக்கும் பசுமை அரண்

வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் பருவங்கள் இரண்டு. ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், மற்றொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அமைவது. புயலின்போது மிகுதியான உயிர்ச்சேதத்தை விளைவிப்பது காற்று மட்டுமன்று; காற்றினால் உந்தப்பட்டுக் கரைமேல் ஏறிவரும் கடல்நீரும் ஆகும். இதனைக் கடற்பெருக்கு எனலாம். விரிகுடாவின் வடபகுதி ஆழங் குறைந்தது. கரையோர நிலமும் தாழ்வானது. ஆகவே அங்குப் பெருக்கின் உயரம் அதிகமாகிறது.

இப்பெருக்கின் வேகத்தைத் தணிக்க இயற்கை அமைத்துள்ள அரண்களுள் முதன்மையானது, ஆற்று முகத்துவாரங்களில் உவர்நீரில் வளரும் அலையாத்திக் காடு. கண்டல், வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் இவ்வகைக் காட்டைச் சேர்ந்தவை.

கேந்திரபாரா தரும் சான்று

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவின் பாரதீப்புக்கு அருகே பெரும்புயல் ஒன்று கரையைக் கடந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். பாரதீப்புக்கு வடக்கேயுள்ள கேந்திரபாரா ஜில்லாவில் பிராமணி, வைதரணி ஆறுகளின் முகத்துவாரத்தில் பிதர்கனிகா அலையாத்திக் காடு உள்ளது. 1944-இல் இந்த ஜில்லாவில் ஏறத்தாழ 31,000 ஹெக்டேர் பரப்பில் இருந்த காடு, நெல் வயல்களுக்காகப் பெரிதும் அழிக்கப்பட்டு, 1999-இல் சுமார் 18,000 ஹெக்டேராகக் குறைந்திருந்தது.

புயலுக்குப் பின்னர் இந்த ஜில்லாவின் 409 கிராமங்களைப் பற்றிய ஆராய்ச்சி 2009-இல் வெளியாயிற்று. கடலிலிருந்து கிராமத்தின் தொலைவு, நிலத்தின் உயரம் ஆகியவற்றைக் கருத்திற் கொண்டு பார்த்தபோதும், கடலுக்கும் ஊருக்கும் இடையே அகலமான காடு நின்ற கிராமங்களில் இறப்பு குறைவாயிருந்தது புலனாயிற்று.

2005-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி பிதர்கனிகாவைச் சார்ந்த மூன்று கிராமங்களை ஒப்பிட்டது. ஒன்று காட்டின் மறைவில் இருந்தது. ஒன்றுக்கு மண்கரை மட்டும் காவலாயிருந்தது. மூன்றாவதற்கு இரண்டும் இல்லை. ஒரு குடும்பத்திற்கு ஏற்பட்ட சராசரி நஷ்டம் காட்டின் மறைவிலிருந்த கிராமத்தில் மிகக் குறைவு. மண்கரையை மட்டும் நம்பியிருந்த கிராமத்திலோ, காவலே இல்லாத கிராமத்தைவிடவும் நஷ்டம் அதிகம். கரை உடைந்து உட்புகுந்த உவர்நீர், வெளியேற வழியின்றி வயல்களில் தேங்கியதே இதற்குக் காரணம்.

காடு காக்கும் முறை

மரங்களின் வேர்களும் அடிமரங்களும் நீரோட்டத்திற்குத் தடையாகி அதன் ஆற்றலைச் சிறிது சிறிதாக உறிஞ்சுகின்றன. நீரில் மிதந்து வரும் வண்டல் வேர்களிடையே படிந்து தரை உயர்கிறது. சுவரைப் போலன்றி, இக்காடு நீரை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைத்தே உள்ளே விடுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். காற்றினால் எழும் சாதாரண அலையின் உயரம், 100 மீட்டர் அகலமுள்ள காட்டைக் கடக்கையில் 13 முதல் 66 சதவிகிதம் வரை குறையும். ஆனால் கடற்பெருக்கின் உயரமோ, காட்டின் ஒவ்வொரு கிலோமீட்டர் அகலத்திற்கும் 5 முதல் 50 சென்டிமீட்டர் வரையே குறைகிறது. எனவே சில வரிசை மரங்களை நட்டுவிட்டு, பெரும்புயலிலிருந்து ஊர் காக்கப்பட்டது எனக் கருதுவது ஆபத்தானது.

மேற்கூறிய 409 கிராமங்களின் ஆராய்ச்சியே, முன்னெச்சரிக்கை காட்டைவிட அதிக உயிர்களைக் காத்தது என்றும் கண்டது. 2013-இல் பைலின் புயல் ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது, ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். இறந்தோர் தொகை பத்துகளின் அளவிலேயே நின்றது. காடும், எச்சரிக்கையும், புயல் காப்பகமும் ஒன்றுக்கொன்று துணையேயன்றி, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

கள ஊழியர் கவனிக்க வேண்டியவை

1. நிற்கும் காட்டைக் காப்பதே முதற்கடமை. புதிதாக நட்ட கன்று, வளர்ந்த காட்டின் பயனை அளிக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

2. நடுவதற்கு முன் நீரோட்டத்தை ஆராய்தல் வேண்டும். தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் மரங்கள் வெட்டப்பட்ட இடங்கள் பள்ளமாகி, நீர் தேங்கி, உவர் மிகுந்து தரிசாயின. மீனின் முள்ளெலும்பு வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து செல்ல வழி செய்த பின்னரே அங்குக் கன்றுகள் செழித்தன.

3. நடும் இடம் பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்திற்கும் உயர் ஓத மட்டத்திற்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். எந்நேரமும் நீரில் மூழ்கிய சேற்றில் நடப்படும் கன்றுகள் பெரும்பாலும் மடிகின்றன.

4. மணற்கரைக்கு அலையாத்தி ஏற்றதன்று. அங்கு அரணாவது மணல்மேடு. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிணைத்து மேட்டை நிலைநிறுத்துகின்றன. பிதர்கனிகாவை அடுத்த ககிர்மாதா போன்ற, கடலாமைகள் முட்டையிடும் கரைகளில் சவுக்கை நெருக்கமாக நடுதல் கூடாது.

5. கிராமத்தாரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மாற்று வழி காட்டாமல் வேலி மட்டும் இட்டால் காடு நிலைக்காது.

வகுப்பறைச் சோதனை

ஒரு நீண்ட தட்டின் ஒரு பக்கம் மணலைச் சாய்வாகப் பரப்பி, மறுபக்கம் நீர் ஊற்றுக. சிறு பலகையால் நீரை உந்தி அலை எழுப்பி, அது மணலில் ஏறும் எல்லையைக் குறிக்கச் செய்க. பின்னர் ஈர்க்குச்சிகளை முதலில் ஒரு வரிசையாகவும், அடுத்துப் பத்து வரிசைகளாகவும் நட்டு, ஒரே அளவான விசையுடன் மீண்டும் சோதிக்கச் செய்க. வரிசைகள் பெருகுவதற்கேற்ப அலையின் எல்லை எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவர் அளந்து எழுதுவர். இறுதியாகத் தட்டின் நீர்மட்டத்தையே உயர்த்திக் காட்டுக. அப்போது குச்சிகள் எத்தனை இருப்பினும் நீர் மணலை மூடும். காட்டின் பயனும் அதன் எல்லையும் இவ்விரு சோதனைகளால் ஒருங்கே விளங்கும்.