சுகாதாரப் பாடம்: வாய்ப் புற்றுநோயும் ‘மடல்’ ஒப்பரேசனும்



குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலை போடுவது நம்ம கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் பழகிப்போன விஷயம். ஆனால் பாக்கும் புகையிலையும் வாயில் புற்றுநோயை உண்டாக்கும். புகையிலை சேர்க்காத வெற்றிலையும் பாக்கும்கூட அப்படித்தான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது.

“கத்தி வச்சா மூஞ்சி கோணிப்போகும்” என்று பயந்து சிலர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

மடல் என்றால் என்ன?

புற்றை எடுக்கும்போது சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே எடுக்க வேண்டும். சின்னப் பள்ளம் என்றால் தைத்துவிடலாம். பெரிய பள்ளம் என்றால் உடம்பின் வேறு இடத்துத் தோலையும் சதையையும், அதற்குரிய இரத்தக் குழாயோடு எடுத்து மூடுவார்கள். அதுதான் மடல். தேயிலைக் கன்றை மண்ணோடு எடுத்து நட்டால்தானே பிழைக்கும்? அதுபோலத்தான் இதுவும்.

எங்கிருந்து எடுப்பார்கள்?

நெற்றி: இது நம் பக்கத்துப் பழைய முறை. இந்தியாவில் நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்தது.

நெஞ்சு: இரத்தக் குழாயை அறுக்காமல், நெஞ்சுச் சதையைக் கழுத்துத் தோலுக்கு அடியால் வாய்க்குக் கொண்டுவருவார்கள். பீலிக் குழாயை வெட்டாமல் திருப்பிவிடுவது மாதிரி. அமெரிக்க டொக்டர் ஆரியன் 1979இல் இதை விளக்கினார்.

முன்கை: மெல்லிய தோல், நாக்குக்கும் கன்னத்துக்கும் ஏற்றது. இதில் இரத்தக் குழாயை வெட்டி, கழுத்துக் குழாயோடு நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தைப்பார்கள். சீன டொக்டர்கள் 1981இல் இதை வெளியிட்டார்கள்.

கால்: தாடை எலும்பை எடுத்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேயுள்ள மெல்லிய எலும்பை வைப்பார்கள். உடம்பின் பாரத்தைத் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு. அதனால் காயம் ஆறியபின் நடக்கலாம்.

பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

முதல் சில நாட்கள் முக்கியம். மடல் வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள். கழுத்தை இறுக்கி எதையும் கட்டாதீர்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது. அது இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். பேசவும் விழுங்கவும் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும். நெஞ்சுத் தோலில் முடி இருந்தால் வாய்க்குள்ளும் முளைக்கலாம், பயப்பட வேண்டாம்.

எப்போது காட்ட வேண்டும்?

1. இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறாத புண்.
2. வெள்ளை அல்லது சிவப்புப் படை.
3. உறைப்புச் சாப்பிட்டால் எரிவு.
4. மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்க முடியாமை.
5. கழுத்தில் கட்டி.

இதில் ஒன்று இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடமோ காட்டுங்கள். தேவைப்பட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். நோவு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. நேரத்தோடு போனால் பலருக்கு மடல் வைக்கவே தேவைப்படாது.

இன்று இரவே வீட்டில் எல்லோரும் கண்ணாடி முன் நின்று, நாக்கடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். வெற்றிலை போடும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் டோர்ச் அடித்துப் பார்த்து உதவுங்கள்.