இரண்டு அத்தியாயமல்ல, ஒன்று

தம்பிக்கு,

பிரான்சு தேசத்து மால்பாசே அணையின் இடதுகரைப் பாறையைக் கணினியில் அமைத்து நீ எழுதிய கட்டுரையை வாசித்தேன். நீரோட்டத்துக்கு ஓர் அத்தியாயம், வலிமைக்கு வேறோர் அத்தியாயம் என்று நீ பிரித்திருப்பதையும், பிளவுகள் அனைத்துக்கும் ஒரே அகலத்தைக் கொடுத்து இறுதிவரை அதை மாற்றாமலே விட்டிருப்பதையும் என் மனம் பொறுக்கவில்லை.

பிளவின் அகலம் பாதியானால் அதன் வழியே செல்லும் நீர் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மலையின் நைஸ் பாறையை நெருக்கிப் பார்த்த பரிசோதனைகளில் அதன் ஊடுருவுதிறன் பன்மடங்கு குறைந்ததையும் நீ அறிவாய். வளைவணையின் உந்துவிசை பாறையை நெருக்க, நெருக்கத்தால் பிளவுகள் மூட, மூடிய பிளவுகள் நீரை அணையின் அடியிலேயே மறிக்க, மறிபட்ட நீரின் அழுத்தம் பாறைத் துண்டுகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருந்த உராய்வைத் தளர்த்த, கீழ்ப்புறம் ஒரு பெயர்ச்சித் தளத்தால் முன்பே துண்டிக்கப்பட்டிருந்த கரை அணையோடு சேர்ந்து பெயர்ந்தது என்பதே ஆராய்ச்சியாளர் பலரும் ஏற்ற விளக்கம். 1959 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு நானூறுக்கும் மேற்பட்ட ஜீவன்களைக் கொண்டுபோன அந்தக் காரியத்தில் நீரோட்டம் எங்கே முடிகிறது, வலிமை எங்கே தொடங்குகிறது?

மற்றொரு விஷயம். ஒரே கோட்டின் வழியே அளந்த பிளவுகளைக் கொண்டு மலை முழுவதையும் நிரப்பியிருக்கிறாய். அக்கோட்டுக்கு இணையாக ஓடும் பிளவுகள் அளப்பவன் கணக்கில் அகப்படுவதில்லை என்பதை ரூத் டெர்சாகி அம்மையார் 1965-இலேயே விளக்கி, திருத்தும் மார்க்கத்தையும் தந்திருக்கிறார். எங்கள் ஆசிரியரோ சுரங்கச் சுவரில் நாங்கள் அளந்து முடித்ததும் குறுக்குச் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்று மறுபடியும் அளக்கச் செய்வார்; களைப்பில் நாங்கள் முகம் சுளித்தால், முதல் அளவில் வராத பிளவுகளைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் காட்டுவாரே தவிர, கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

ஆனால் தம்பி, எந்தப் பிளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீர்ப்பாதையாகின்றன, எவை பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்பதைப் பிரித்துக் காட்டும் உன் நான்காம் படம் அபூர்வமானது; இவ்வளவு தெளிவாக இதை வரைந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் படத்திலிருந்தே மறுபடியும் தொடங்கு. அணையில் நீர் ஏறும் ஒவ்வொரு படியிலும் நெருக்கம் அகலத்தையும், அகலம் ஓட்டத்தையும், ஓட்டம் வலிமையையும் மாற்றும்படி கணக்கிட்டு, அவ்விரண்டு அத்தியாயங்களையும் ஒன்றாக்கி எனக்கு அனுப்பு.

உன் நலம் நாடும்
மூத்தோன்