திரையில் பறக்கிறவளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய சிமுலேட்டர் வீடியோவைப் பார்த்தேன். திருச்சி விமான நிலையத்தில், மேற்கே பார்த்த ரன்வே 27-இல், செஸ்னா 172-ஐ அழகாக இறக்கியிருக்கிறாய். "இப்பவே நிஜ விமானம் குடுத்தாலும் ஓட்டிருவேன் மாமா" என்று கீழே எழுதியிருந்தாய். அடுத்த அரைமணியில் உன் அம்மாவிடமிருந்து போன்: "இந்த விளையாட்டால எதுனா பிரயோஜனம் உண்டா, இல்ல ப்ளஸ் ஒன் மார்க்குதான் போகுமா?" ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் சண்டை போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதலில் அக்காவுக்கு. விமானிப் பயிற்சிக் கருவி பிறந்ததே விளையாட்டுச் சாமானாகத்தான். எட்வின் லிங்க் என்ற அமெரிக்கரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டே, நான்கு பக்கமும் சாய்ந்தாடும் ஒரு குட்டி விமானத்தை 1929-இல் லிங்க் செய்துவிட்டார். விமானப் பள்ளிகள் அதைச் சீந்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் சுமக்கும் வேலையை ஏற்றபோது, மேகத்துக்குள்ளும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களிலேயே பல விமானிகள் செத்தார்கள். அதன் பிறகுதான் லிங்க்கின் பெட்டிகளில் ஆறை ராணுவம் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். 2018-இல் அமெரிக்க விமானப்படை டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்தவையும் கடையில் விற்கிற கம்ப்யூட்டரும் கண்ணில் மாட்டும் வி.ஆர். கருவியும்தான். ஆகவே அக்கா, பிள்ளை வீணாகப் போகவில்லை. மார்க் விஷயம் தனி.

இனி உனக்கு. இந்த விளையாட்டு உனக்கு உண்மையிலேயே கற்றுத்தந்தது வரிசையை. எஞ்சினைக் கிளப்புமுன் எதைப் பார்ப்பது, இறங்குமுன் எந்த வேகத்தில் இருப்பது, இறக்கையின் தூக்குவிசை விட்டுப்போனால் முதலில் மூக்கைத் தாழ்த்துவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு எந்த வார்த்தையில் பேசுவது. இவையெல்லாம் உனக்கு மனப்பாடம். வாடகை விமானத்தில் இதைக் கற்க ஒரு மாணவன் மணிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறான். நீ மின்சாரக் கட்டணத்தோடு முடித்துவிட்டாய். எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர்களுக்கான கிளப்களிலும் இப்போது பலர் மழைக்காலத்தில் கண்டோர் என்ற கிளைடர் சிமுலேட்டரில்தான் கை பழக்குகிறார்கள். ஸ்லோவேனியாக்காரர்கள் 2005-இல் வெளியிட்டது அது. காசு இல்லாவிட்டால் ஃப்ளைட்கியர் இருக்கிறது, முழுக்க இலவசம்.

ஆனால் சிமுலேட்டரிலிருந்து வரும் மாணவர்களைப் பற்றி நிஜப் பயிற்சியாளர்கள் ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: கண் கருவிப் பலகையிலேயே ஒட்டிக்கிடக்கிறது. திரையில் பக்கவாட்டுப் பார்வை கிடையாது, அதனால் நீ எண்களை நம்பப் பழகியிருக்கிறாய். நிஜத்தில் சின்ன விமானத்தை ஓட்டுவது பெரும்பாலும் வெளியே பார்த்துத்தான். அடிவானத்துக்கு மூக்கு எங்கே நிற்கிறது, எதிரே வேறு விமானம் வருகிறதா என்பதுதான் முதல் கவலை. சில பயிற்சியாளர்கள் பேசாமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கருவிகளை மூடிவிடுவார்கள். பயந்துவிடாதே, அது தண்டனை அல்ல.

அடுத்தது கால். நீ கீபோர்டில் ஓட்டுகிறாய், காலால் மிதித்துத் திருப்பும் சுக்கானை உனக்காக மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. நிஜக் கிளைடரில் அது நடக்காது. அதன் இறக்கை நீளமானது. இடப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கை உயரும். உயரும்போதே கூடுதலாகக் காற்றில் இழுபட்டு மூக்கை வலப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதே நேரத்தில் இடது காலால் மிதித்தால்தான் திரும்பல் ஒழுங்காக வரும். இதைக் காட்டுவதற்கு எந்த எலக்ட்ரானிக் கருவியும் இல்லை. முன்கண்ணாடியில் ஒட்டிய ஒரு துண்டுக் கம்பளி நூல்தான். நூல் நேராகக் கிடந்தால் சரி, கோணினால் கால் தப்பு. கோடிக்கணக்கில் விலைபோகும் போட்டிக் கிளைடரிலும் அந்த நூலைப் பார்க்கலாம்.

உடம்பு சொல்வதைத் திரை சொல்லாது. வெப்பத்தால் மேலெழும் காற்று, தெர்மல் என்பார்கள், ஒரு இறக்கையின் கீழ் நுழைந்தால் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு தள்ளு தெரியும். எந்த இறக்கை தூக்கியதோ அந்தப் பக்கமே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அது கைவிட்டுப் போகும். இதற்கு நேர் எதிராக, மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, மெதுவான திரும்பலை நேராகப் போவதாகவே அறிவிக்கும். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உன் காதுக்குப் பொய் சொல்ல வாய்ப்பே வந்ததில்லை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதில் நீ கெட்டிக்காரி என்றால் அதில் பாதி இந்தச் சலுகைதான். இன்னொன்று, நிஜத்தில் நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லை.

தெர்மலைப் பற்றிப் படிக்க நீ நம் குரும்பலூரை விட்டு எங்கும் போக வேண்டாம். மாசி, பங்குனியில் முற்பகல் பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடிக்குப் போய்ப் பருந்துகளைப் பார். உழுது காயப்போட்ட கரிசல் நிலம் சீக்கிரம் சூடேறும். அதன் மேல்தான் அவை இறக்கையடிக்காமல் வட்டமிட்டு ஏறும். பக்கத்திலேயே தண்ணீர் பாய்ச்சிய சின்ன வெங்காய வயலுக்கு மேல் போனால் இறங்கும். மேற்கே பச்சைமலை இருக்கிறது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மலையின் அந்தப் பக்கச் சரிவில் மோதி மேலே ஏறும், கிளைடருக்குக் கொண்டாட்டம். நம் ஊர் இந்தப் பக்கம். மலையைத் தாண்டிய காற்று இங்கே சரிந்து சுருண்டு இறங்கும். ஆகவே ஆடியில் பச்சைமலைக்கு இந்தப் பக்கம் ஒட்டிப் பறப்பது, திரையிலானாலும், வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. குரும்பலூருக்கு மேலே 1000 மீட்டர் உயரத்தில் கிளைடரில் இருக்கிறாய். நல்ல கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போகும். காற்றில்லாவிட்டால் 40 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையமோ நேர்க்கோட்டில் ஏறக்குறைய 55. சமயபுரத்தைத் தொடலாம், கொள்ளிடத்தைத் தாண்ட முடியாது. அதுவும் ஏட்டுக் கணக்கு. இடம் பார்த்து வட்டமடித்து இறங்க 300 மீட்டரையாவது ஒதுக்கிவைக்க வேண்டும். மிச்சம் 28 கிலோமீட்டர், அதாவது பாடாலூர் தாண்டி சிறுகனூர் பக்கம் ஒரு நல்ல தரிசு. எதிர்காற்று அடித்தால் அதுவும் இல்லை. எந்தத் தரிசு என்று கிளம்பும்போதே தேடிக்கொண்டு போகிறவன்தான் கிளைடர் ஓட்டி. செஸ்னாவிலேயே எஞ்சினை அணைத்து இதை ஒருமுறை செய்து பார். அது ஒன்றுக்கு ஒன்பது போலத்தான் போகும். பாடாலூர் வருமுன்பே உனக்குத் தரை ரொம்பப் பக்கத்தில் தெரியும்.

இந்தக் கிளைடர் பழக்கம் பெரிய விமானத்திலும் உயிர் காத்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் இல்லாமல் போனது. கிலோவில் போட வேண்டியதைப் பவுண்டுக் கணக்கில் போட்டுவிட்டார்கள், தேவையில் பாதிகூட இல்லை. கேப்டன் ராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுகிறவர். கிம்லி என்ற பழைய விமானத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாகிவிட்டது, எஞ்சின் இல்லாமல் சுற்றிவரவும் வழியில்லை. ஒரு பக்கம் சாய்த்து எதிர்ப்பக்கச் சுக்கானை மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். கிளைடரில் இது முதல் மாதப் பாடம். 69 பேரும் பிழைத்தார்கள். பிறகு அதே நிலையைச் சிமுலேட்டரில் கொடுத்தபோது முயன்ற மற்ற குழுக்கள் விழுந்தன என்று எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கலை புதிதல்ல. டெல்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961-இல் பறந்தது. பயிற்சியாளரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் கிளைடர் அது. புனேயில் ஹடப்சர் கிளைடர் மையம் பல தலைமுறைகளைப் பறக்கவிட்டது. போகுமுன் அங்கே இப்போது வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்துக்கொள். உனக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது என்.சி.சி. விமானப் பிரிவு. அதில் மைக்ரோலைட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள், செலவு கிடையாது. எல்லாக் கல்லூரிகளிலும் அந்தப் பிரிவு இருக்காது, ஆகவே கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுக்கொள். கிளைடர் உரிமத்துக்கு 16 வயது, தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும். வீட்டுக் கம்ப்யூட்டரில் நீ ஓட்டிய எந்த மணியும் அந்தப் பதிவேட்டில் ஏறாது.

வாடகைக்குச் சுக்கான் பெடல் வாங்கலாமா, புது ஜாய்ஸ்டிக் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கெல்லாம் முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் ஒரு கண் மருத்துவரிடம் போ. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் மருத்துவச் சான்றிதழில் சிக்கல் வரும். அதை லட்சங்கள் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளலாம். முடிவை எனக்கு எழுது. பெடல் செலவு மாமாவுடையது.

அன்புடன்,
மாமா