குந்தா நீரும் அந்நியக் கம்பெனியும்

கேள்வி: எங்கள் மலையின் குந்தா நீர் பில்லூர் அணை வழியாகக் கோயம்புத்தூருக்குப் போகிறது, அங்கே விநியோகம் பிரெஞ்சுக் கம்பெனியிடம். தகராறு எழுந்தால் அந்நாட்டு அரசாங்கம் தலையிடுமா?
— ஒரு வாசகர், கட்டபெட்டு

பதில்: முற்காலத்தில் வர்த்தகரின் பின்னே போர்க்கப்பல் வந்தது, இக்காலத்தில் அரசாங்கங்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையே அந்தக் காரியத்தைச் சந்தடியின்றிச் செய்துவிடுகிறது. 2018-இல் கோவை மாநகராட்சியோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட சூயஸ் என்ற அந்தப் பிரெஞ்சுக் கம்பெனியே, போனஸ் அயர்ஸ் நகரில் தான் பெற்றிருந்த நீர்விநியோக உரிமையின் கீழ்க் கட்டணத்தை உயர்த்தவொட்டாமல் அர்ஜென்டீனா தடுத்து, 2006-இல் அவ்வுரிமையையே ரத்துச் செய்ததன்பேரில், கூட்டாளிகளுடன் சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்காடி, 2015-இல் சுமார் 40 கோடி டாலர் நஷ்டஈட்டுத் தீர்ப்பைப் பெற்றது. பொலிவியாவிலோ, கொச்சபம்பா ஜனங்கள் 2000-இல் கிளர்ந்தெழுந்து அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் சம்பந்தப்பட்ட நீர்விநியோகக் கம்பெனியை வெளியேற்றியபின், அது தொடுத்த வழக்கு 2006-இல் பெயரளவுத் தொகையோடு முடிந்தது. ஜனங்களின் கூக்குரலுக்குக் கம்பெனிகளும் சில சமயம் செவிசாய்ப்பதுண்டு போலும்! இந்தியாவோ 2016 முதல் இத்தகைய பழைய உடன்படிக்கைகள் பலவற்றை முடித்துக்கொண்டதோடு, அந்நிய முதலீட்டாளர் முதலில் ஐந்தாண்டு நம் நீதிமன்றங்களிலேயே பரிகாரம் தேட வேண்டும் என்ற விதியைத் தன் புதிய மாதிரி உடன்படிக்கையில் சேர்த்திருக்கிறது. கோவையில் கட்டணத்தை நிர்ணயிப்பது தானே என்கிறது மாநகராட்சி. வழக்குகள் பெரும்பாலும் பிறப்பது அந்த இடத்தில்தான்.