வண்டிக் கொட்டகையும் பரிக்கிரக பரிமாணமும்



ஆஷாட மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியில் சாதுர்மாசம் தொடங்குகின்றது. மழைக்காலத்தில் புல்லும் புழுவும் பூச்சியும் பல்கிப் பெருகுதலின், அவற்றிற்கு ஊறு நேராவண்ணம் முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்கியிருப்பர் என்பதை நாம் இளமை முதலே கேட்டு வருகின்றோம். இது துறவறத்தார் நெறி. இல்லறத்தார் அம்மழைக்காலத்திற்குத் தம் இல்லத்தை எவ்வாறு ஆயத்தம் செய்தல் வேண்டும்? பூசையும் நோன்பும் யாவரும் அறிந்தவை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது மிக எளிய ஒரு பொருள். வீட்டின் வண்டிக் கொட்டகை.

நம்மவருள் பெரும்பாலோர் உழவர் குடியில் வந்தவர்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் நம் வீடுகளை ஒட்டி முன்னர் மாட்டு வண்டி நின்ற கொட்டகையில் இன்று இருசக்கர வண்டிகளும் சில இடங்களில் காரும் நிற்கின்றன. வண்டி மாறிற்றே அன்றி மூலையில் கிடப்பவை மாறவில்லை. நுகத்தடி, உடைந்த கலப்பை, மழுங்கிய மண்வெட்டி, பழைய டயர்கள், காலி வண்ண டப்பாக்கள், பயனற்ற பாட்டரி, எலிப்பொறி, பாதி தீர்ந்த பூச்சிமருந்துப் புட்டி, பரணில் பாத்திர மூட்டைகள். நகரத்தில் குடியேறியவர் வீட்டில் கலப்பைக்கு மாறாக உடைந்த மிதிவண்டியும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கும். வேறுபாடு அவ்வளவே.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது பரிக்கிரக பரிமாணம். அதாவது, உடைமைக்கு ஓர் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்கு மேல் விருப்பம் கொள்ளாதிருத்தல். நிலம், வீடு, பொன், கால்நடை, தானியம், ஆடை, பாத்திரம் முதலியவற்றுக்கு அளவு செய்துகொள்ளச் சாத்திரங்கள் கூறுகின்றன. அளவு செய்ய வேண்டுமாயின் முதலில் இருப்பு தெரிதல் வேண்டுமன்றோ? நிலத்திற்குப் பட்டா உண்டு. பொன்னுக்கு எடை உண்டு. கொட்டகைக்கும் பரணுக்கும் எக்கணக்கும் இல்லை. பித்தளைக் குடம் எத்தனை, கடப்பாரை எத்தனை என்று வீட்டுத் தலைவரும் அறியார். தன்னிடம் இருப்பது இன்னதென்றே அறியாதவர் எல்லை வகுத்ததாகச் சொல்லிக் கொள்வதில் பொருள் இல்லை. ஆகவே கொட்டகையைத் திறக்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துடைப்பம் அதன் பிறகு.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் குறிக்கின்றார். அவற்றுள் ஒன்று அதிசங்கிரகம் எனப்படும் அளவிறந்த சேமிப்பு. வேறு இரண்டு, கால்நடைகளை அளவுக்கு மீறி ஓட்டுதலும் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதலும் ஆகும். உடைமையைப் பற்றிய விரதத்தில் வண்டியும் சுமையும் இடம் பெற்றிருப்பது நம் கொட்டகைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இனி, காலம் பற்றி ஒரு கருத்து. நம் வீடுகளில் தீபாவளிக்கு முன் ஒட்டடை அடித்து, பரணை இறக்கித் துப்புரவு செய்வது வழக்கம். வர்த்தமானர் மோட்சம் எய்திய நன்னாளுக்கு இல்லம் தூய்மையாய் இருத்தல் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அது ஐப்பசி மாதம். நம் வட மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். ஆடி ஆவணி மழையிலேயே பெருகத் தொடங்கிய சிற்றுயிர்கள் அப்போது ஈரச் சுவரிலும் சாக்கிலும் நிறைந்திருக்கும். அந்நிலையில் மூட்டைகளைப் புரட்டுவதால் நேரும் உயிர்க்கேடு மிகுதி. அதே வேலையை வைகாசியிலோ ஆனியின் தொடக்கத்திலோ, தரை உலர்ந்திருக்கும்போது செய்தால் கேடு மிகக் குறையும். தீபாவளிக்கு மேலோட்டமாகப் பெருக்கினால் போதும். வழக்கத்தை மாற்றச் சொல்கிறோமே என்று முதியோர் வருந்த வேண்டா. சாதுர்மாசத்தின் நோக்கமே இதுதான்.

செய்யும் முறைக்குத் தத்துவார்த்த சூத்திரம் வழிகாட்டுகின்றது. கொல்லாமை விரதம் நிலைபெற உதவும் ஐந்து பாவனைகளுள் ஆதான நிட்சேபண சமிதியையும் உமாசுவாமிகள் சேர்த்துள்ளார். ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உற்றுநோக்கிச் செய்தல் என்பது அதன் பொருள். முனிவர் மயிற்பீலியால் இடத்தைத் துடைத்து அமர்வது இதன்பாற்பட்டது. நாம் மயிற்பீலிக்கு மாறாக மெல்லிய பூந்துடைப்பம் கொள்ளலாம். தென்னந்துடைப்பம் கொட்டகையின் மூலைகளுக்கு ஆகாது. விளக்கொளியில் அன்றிப் பகலொளியில் செய்தல் வேண்டும். சாக்கை இழுக்காமல் தூக்கி, வெளியே நிழலில் சற்று நேரம் கிடத்தி வைத்தால் உள்ளிருக்கும் பூச்சிகள் பல தாமே வெளியேறும். குளவி மண்கூடு கட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதைப் பெருக்குக. சேர்ந்த குப்பையைக் கொளுத்துதல் கூடவே கூடாது. போகியன்று பழையன கொளுத்தும் ஊர் வழக்கத்தில் நம் இளைஞரும் கலந்துகொள்வதைக் காண்கிறோம். ஆண்டுக்கணக்காகக் கிடந்த குவியலுள் எத்தனை உயிர்கள் ஒதுங்கியிருக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடமை.

பழைய டயர்களைத் தனியே குறிப்பிடல் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய இடங்களில் தேங்கும் சிறிதளவு நீரின் ஓரத்தில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் கெடாதிருந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கும். பின் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுள் கொசுவாகிவிடும். அதன் பின் மருந்தடித்துக் கொல்வதா, நோய்க்கு ஆளாவதா என்ற இக்கட்டில் நாம் நிற்கின்றோம். மழைக்கு முன்பே டயரை அகற்றியோ கூரையின் கீழ் உலர வைத்தோ இருப்பின் அந்த இக்கட்டு எழுவதே இல்லை. உயிர் தோன்றுதற்கு இடம் தந்து பின் அதைக் கொல்லும் நிலைக்கு வருவதினும், முன்னரே காத்துக் கொள்ளுதல் மேல். அந்துருண்டைக்கு மாறாக உலர்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவதும் இக்கருத்துப் பற்றியே.

வேண்டாதவற்றை யாருக்குக் கொடுப்பது? எல்லாவற்றையும் தானம் என்று சொல்லிவிட இயலாது. கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, நஞ்சு முதலிய துன்பம் செய்யும் கருவிகளைப் பிறர்க்கு அளிப்பதை இம்சாதானம் என்று நம் ஆசிரியர்கள் விலக்கியுள்ளனர். மண்வெட்டி உழவர்க்குத் தொழிற்கருவி. அதை உழுது உண்பவர் ஒருவருக்குக் கொடுப்பதைக் குற்றமென நாம் கருதவில்லை. ஆனால் எலிப்பொறியை அடுத்த வீட்டாருக்கு ஈந்துவிட்டு நம் கை தூய்மையாயிற்று என்று எண்ணுதல் தவறு. அதைப் பிரித்து இரும்பாக விற்றுவிடுக. பூச்சிமருந்தையும் எவருக்கும் கொடுத்தலாகாது. கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டுதலும் ஆகாது. 2011 இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பான் போன்றவை இன்னும் ஏதேனும் மூலையில் இருத்தல் கூடும். புட்டியைப் பூட்டி வைத்து, வேளாண்மைத் துறை அலுவலரிடம் கேட்டு அவர் கூறும் வழியில் அகற்றுக. பழைய பாட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. விற்ற கடைக்காரரே திரும்பப் பெறுவதற்கு 2001 ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன.

பல கொட்டகைகள் திறக்கப்படாமலே கிடப்பதற்குச் சோம்பல் காரணமன்று. பங்கு பிரியாமையே காரணம். அண்ணன் தம்பியர்க்குப் பொதுவான அண்டாவும் குத்துவிளக்கும் உள்ளே இருக்கும். ஒருவர் திறந்தால் மற்றவர் ஐயுறுவர். ஆதலின் பூட்டு துருப்பிடிக்கின்றது. ஒருவரோடு ஒருவர் பேச்சும் நின்றுவிடுகின்றது. உடைமை என்பது பொருளன்று, அதன்மேல் வைத்த பற்றே என்று உமாசுவாமிகள் இலக்கணம் வகுத்தது இத்தகைய அண்டாவுக்கு முற்றும் பொருந்தும். பங்காளிகள் அனைவரும் ஊருக்கு வரும் ஒரு நாளைக் குறித்து, எல்லார் முன்னிலையிலும் திறந்து, ஏட்டில் எழுதி, அன்றே பிரித்துக்கொள்க. பிரிக்க மனமில்லாப் பாத்திரங்களை ஊர் ஜினாலயத்திற்குப் பொதுவில் அளிக்கலாம். அங்கு அவை விழாநாளில் அடுப்பேறும்.

இறுதியாகப் பரணில் உள்ள ஓலைச்சுவடிகள். பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. அவ்வாறு போனவை எத்தனை என்று எவர் சொல்ல வல்லார்? நம் வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லை. சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887 இல் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சைனக் குடும்பத்தார் பொருள் விளக்கித் துணை நின்றனர் என்பது நமக்குப் பெருமை. எனவே கொட்டகையில் ஏதேனும் ஒரு கட்டு அகப்பட்டால் அதைக் குப்பையோடு சேர்த்துவிடாதீர்கள். கயிற்றை அவிழ்க்க வேண்டா. ஏடுகளின் வரிசை குலையும். நீரால் துடைத்தலும் வெயிலில் காயவைத்தலும் பிளாஸ்டிக் பையில் கட்டுதலும் கேடு தரும். மெல்லிய தூரிகையால் மேல் தூசியைத் தட்டிப் பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, மேல்சித்தாமூர் மடத்திற்கோ, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கோ தெரிவியுங்கள். உள்ளே வெறும் நிலக்கணக்கோ சாதகக் குறிப்போ இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்தவர் சொல்லட்டும். கொடுக்குமுன், எந்த ஊரில் எவர் வீட்டில் எவ்விடத்தில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கட்டோடு வைத்துவிடுங்கள். குறிப்பேட்டிலும் அவ்வாறே பதிந்துகொள்ளுங்கள்.