வண்ணத்துப்பூச்சியை நெருங்கிப் படமெடுக்க

இளவெயில் ஏறும் காலை நேரம்தான் தோது. உடம்பில் சூடேறும்வரை வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து வெயில் காயும், சட்டென்று பறக்காது. குனிந்து, அடிமேல் அடி வைத்து நெருங்குங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் போயிற்று! சிறகு மூடியிருந்தால் கேமராவை அதற்கு இணையாகப் பிடியுங்கள். ஓரம்வரை தெளிவாக விழும். கண்ணில் ஃபோகஸ், ஷட்டர் வேகம் 1/500, எஃப் 8. நான் இதில்தான் தொடங்கினேன். மேக்ரோ லென்ஸ் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

துரத்தாதீர்கள். முட்டையிட வேலியோர எருக்குக்கும் வீட்டுக் கறிவேப்பிலைக்கும் அவையே வரும். வயிற்று நுனியை வளைத்து இலையைத் தொடுகிற அந்தக் கணத்துக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். 

சிலர் பிடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விரல் பட்டாலே சிறகின் செதில்கள் பொடியாக உதிரும். உதிர்ந்தவை மறுபடி முளைக்காது.